கறுப்புக் கோடு கடல் கடக்கும்போது

2016 அக்டோபரில் இந்திய வங்கிகள் பலவும் தங்கள் வாடிக்கையாளர்களின் டெபிட் கார்டுகளை மளமளவென்று முடக்க ஆரம்பித்தன. மொத்தம் சுமார் 32 லட்சம் கார்டுகள். சீனாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஏடிஎம்களில் தங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருப்பதாகச் சிலர் புகார் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்கள் இந்தியாவை விட்டு நகரவில்லை. கார்டும் அவர்கள் பர்ஸிலேயே இருந்தது. யூபிஐயை நடத்தும் அதே என்பிசிஐ அப்போது சொன்ன கணக்கு: 19 வங்கிகளைச் சேர்ந்த 641 பேர், ₹1.3 கோடி இழப்பு. ஏடிஎம்களை இயக்கித் தரும் நிறுவனம் ஒன்றின் கணினிகளுக்குள் தீநிரல் புகுந்து, அந்த வழியாகப் போன கார்டுகளின் விவரத்தை அள்ளியிருந்தது.

அள்ளியது சரி, அதைப் பணமாக்க ஏன் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டும்? வெளிநாட்டுப் பயணத்தில் கார்டு மோசடி பற்றிய கதை முழுக்க இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. நம் பர்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு உண்மையில் இரண்டு கார்டுகள். முதுகில் ஓடும் கறுப்புக் கோடு ஒரு தலைமுறை. முன்னால் தங்க நிறத்தில் மின்னும் சிப் இன்னொரு தலைமுறை. ஒரு நாட்டில் செல்லாத பழைய தலைமுறை இன்னொரு நாட்டில் செல்லும். கார்டுத் திருடர்கள் பிழைப்பது அந்த இடைவெளியில்தான். பயணம் போகிறவர் அந்த இடைவெளியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

கோட்டின் வரலாறு 1960களின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, அமெரிக்க உளவுத்துறைக்கான அடையாள அட்டை ஒன்றில் காந்த நாடாவை ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பசையைப் போட்டாலும் நாடா சுருங்கிக் கோணியது. வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி டோரதியா, இஸ்திரிப் பெட்டியை வைத்தே ஒட்டிப் பார்க்கலாமே என்றார். ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து பிறந்த தொழில்நுட்பத்தைத்தான் அறுபது வருடங்களாக உலகம் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கோட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அதில் பணம் கொடுப்பதற்குப் பயன்படும் இரண்டாம் தடத்தில் அதிகபட்சம் 40 எழுத்துகள்தான் கொள்ளும். கார்டு எண், காலாவதியாகும் ஆண்டும் மாதமும், மூன்று இலக்கச் சேவைக் குறியீடு, பிறகு வங்கி சரிபார்த்துக்கொள்ளச் சில இலக்கங்கள். சரிபார்ப்பு இலக்கங்களில் ஒரு சிவிவியும் உண்டு. கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் மூன்று இலக்கத்திலிருந்து அது வேறு. ஆகவே கோட்டைத் திருடியவனால் அதை வைத்து இணையத்தில் பொருள் வாங்குவது கஷ்டம். அச்சடித்த எண்ணைப் படம் பிடித்தவனால் போலிக் கோடு செய்வது கஷ்டம். கொஞ்சம் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் அடிப்படைக் கோளாறு ஒன்று உண்டு. கோடு யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், ஒரே பதிலைத்தான் சொல்லும். சோப்புக்கட்டியில் அச்செடுத்த சாவி மாதிரி, ஒரே ஒரு தடவை கைமாறினால் போதும். கடையில், பெட்ரோல் பங்க்கில், ஏடிஎம் வாயில் எங்கே படித்தாலும் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சிப் செய்கிற காரியம் வேறு. பிரான்சின் ரோலண்ட் மொரேனோ 1974இல் காப்புரிமை பெற்ற சிந்தனை அது. 1992 முடிவதற்குள் பிரெஞ்சு வங்கிக் கார்டுகள் எல்லாமே சிப்புக்கு மாறியிருந்தன. பிறகு யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா மூன்றும் சேர்ந்து 1990களின் நடுவில் பொது நெறிமுறை ஒன்றை எழுதின. மூன்றின் முதலெழுத்துகளும் சேர்ந்ததுதான் இஎம்வி. சிப்புக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதன் ஜோடி வங்கியிடம் இருக்கிறது. கடைக்காரரின் மெஷின், தொகை எவ்வளவு, எந்த நாணயம், என்ன தேதி என்பதோடு, அந்த நிமிஷம் தானாகப் போட்ட ஒரு தற்செயல் எண்ணையும் சிப்புக்குக் கொடுக்கும். சிப், இது தன் வாழ்நாளில் எத்தனையாவது பரிவர்த்தனை என்ற கணக்கையும் சேர்த்து, ரகசியச் சாவியால் பிசைந்து, எட்டு பைட் விடை ஒன்றைக் கக்கும். அடுத்த கடையில் அந்த விடை செல்லாது. பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்டவனுக்கு, முடிந்துபோன ஒரு பரிவர்த்தனையின் ரசீதுதான் மிச்சம்.

பிரிட்டன் 2006 பிப்ரவரி 14 முதல் சிப்பும் ரகசிய எண்ணும் இல்லாமல் கடையில் கார்டு செல்லாது என்றது. இந்தியாவில் வெறும் கோடு மட்டும் உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31க்குள் மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. கார்டு வணிகத்தின் தாயகமான அமெரிக்காதான் கடைசி ஆள். 2015 அக்டோபர் முதல், சிப் மெஷின் வைக்காத கடைக்காரரே மோசடி இழப்பைச் சுமக்க வேண்டும் என்று விதி மாறிய பிறகுதான் அங்கே சிப் பரவியது. பெட்ரோல் பங்க்குகள் அழுது அடம்பிடித்து 2021 ஏப்ரல் வரை அவகாசம் வாங்கிக்கொண்டன.

இதற்குப் பிறகும் ஏன் கோடு சாகவில்லை? சேவைக் குறியீட்டைப் பார்த்தால் புரியும். முதல் இலக்கம் 2 என்றால், ‘இந்தக் கார்டில் சிப் இருக்கிறது, உலகம் முழுக்கச் செல்லும்’ என்று அர்த்தம். சிப் படிக்கத் தெரிந்த மெஷினில் நகல் கோட்டைத் தேய்த்தால், மெஷின் அந்த 2ஐப் பார்த்துவிட்டு ‘சிப்பைச் செருகு’ என்று கேட்கும். சிப் கெட்டுப்போயிருந்தால்? வாடிக்கையாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாதே என்று, வேறு வழியில்லாமல் கோட்டுக்கு இறங்கிவரும் ஏற்பாடு பல இடங்களில் இருந்தது. சிப்பே படிக்கத் தெரியாத மெஷின்களும் பல நாடுகளில் பல வருடம் ஓடின. ஐரோப்பாவில் திருடிய கோடுகள் ஐரோப்பாவில் பணமாகவில்லை. இந்தோனேசியாவிலும் அமெரிக்காவிலும் ஆயின. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியைத் தாக்கியவர்கள், போலிக் கார்டுகளைக் கொண்டு 28 நாடுகளின் ஏடிஎம்களில் சில மணி நேரத்துக்குள் பணத்தை உருவினார்கள். அனுமதி கொடுக்க வேண்டிய வங்கிக் கணினியின் இடத்தில் திருடர்களின் போலி உட்கார்ந்திருந்ததால், கேட்டதற்கெல்லாம் ‘சரி’ என்றே பதில் போனது. வேறு வழியில் போனதையும் சேர்த்து மொத்தம் ₹94 கோடி.

நகல் கோடு வெளிநாட்டில் பணமாவதற்குப் பெல்ஜியம் 2011இல் கண்டுபிடித்த மருந்து ரொம்பச் சாதாரணமானது. அந்நாட்டு வங்கிகள், டெபிட் கார்டுகள் ஐரோப்பாவுக்கு வெளியே செல்லாதபடி பூட்டிவைத்தன. வெளியே போகிறவர் சொல்லித் திறந்துகொள்ளலாம். நகல் கார்டு மோசடி சட்டென்று சரிந்தது. திருடனிடம் கோடு இருக்கிறது, ஆனால் அது செல்லும் ஊர் இல்லை. 2020 ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கியும் இதே வழிக்கு வந்தது. புதுக் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணைய வழி, தட்டிப் பணம் கட்டுவது எல்லாம் வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்கும்; வேண்டாதபோது மூடவும் முடியும். உங்கள் வங்கிச் செயலியில் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தான்களின் பின்கதை இதுதான். ‘இன்டர்நேஷனல்’ என்பதை விமான நிலையத்தில் திறந்துவிட்டு, திரும்பி வந்ததும் மூட மறந்துவிடுகிறோம். ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்து ஏதோ ஒரு தீவின் ஏடிஎம்மில் பணம் போகிறது என்றால், அது பெரும்பாலும் மூடாத பொத்தான் வழியாகத்தான் போகும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யலாம் என்று நினைப்பவர் அந்தப் பொத்தானை மூடிவிட்டு மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

ஏடிஎம்மில் கோடு எப்படிக் களவு போகிறது? கார்டு செருகும் வாயின் மேல் அதே நிறத்தில், அதே வடிவத்தில் ஒரு மூடி. உள்ளே கோட்டைப் படிக்கும் தலை. மேலே ஒரு குண்டூசித் துளையில் கேமரா, இல்லாவிட்டால் விசைப்பலகையின் மேல் இன்னொரு போலிப் பலகை. பாலித் தீவில் இந்த வேலைக்காகவே வந்திறங்கிய பல்கேரிய நாட்டவர் பலர் வருடாவருடம் கைதாகிக்கொண்டிருந்தார்கள். ‘கார்டு வாயை இழுத்துப் பாருங்கள், ஆடினால் போகாதீர்கள்’ என்ற அறிவுரை இந்தக் காலத்தைச் சேர்ந்தது. அதில் தப்பில்லை, போதாது, அவ்வளவுதான்.

போதாது என்பதற்குச் சாட்சி மெக்ஸிகோவின் கான்குன். கரீபியக் கடலோரச் சுற்றுலா ஊர். அமெரிக்கர்கள் குவியும் இடம். கணினிக் குற்றங்களை எழுதும் அமெரிக்கச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் 2015இல் அங்கே போனார். ஏடிஎம்களுக்குள்ளேயே புளூடூத் சில்லுகள் பொருத்தப்பட்டிருப்பதாக அவருக்குத் துப்புக் கிடைத்திருந்தது. கையில் ஒரு போனோடு ஏடிஎம் ஏடிஎம்மாக நடந்தார். புளூடூத் பட்டியலில் ‘ஃப்ரீ டு மூவ்’ என்ற பெயர் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. ஒரு ஊரில் இல்லை, அந்தக் கடற்கரை நெடுகப் பல ஊர்களில். தங்கும் விடுதிகளின் வரவேற்பறையில் நிற்கும் ஏடிஎம்களும் அதில் சேர்த்தி. ஒரு சில்லு கார்டு படிக்கும் பகுதியில், இன்னொன்று ரகசிய எண் பலகையில். வெளியே ஒரு கீறல் கிடையாது. இழுத்துப் பார்த்தாலும் எதுவும் ஆடாது. திருடன் கிட்டே வந்து எதையும் கழற்ற வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, போனில் சங்கேத எண்ணைப் போட்டால், அன்றுவரை சேர்ந்த கார்டுகள் அவன் கைக்கு வந்துவிடும்.

உள்ளே பொருத்த வேண்டுமானால் ஏடிஎம்மைத் திறக்க வேண்டும். திறப்பதற்குச் சாவி வைத்திருப்பவர் பராமரிப்பு ஆள். அப்படிப்பட்டவர்களுக்குக் காசு கொடுத்து வளைத்திருக்கிறார்கள். இதன் பின்னால் ருமேனியக் கும்பல் ஒன்று இருந்ததாகப் புலனாய்வுச் செய்தியாளர்களின் கூட்டமைப்பு ஒன்று 2020இல் விரிவாக எழுதியது. சுற்றுலா ஊரைத் தேர்ந்தெடுத்ததில்தான் கும்பலின் கணக்கு இருக்கிறது. வருகிறவர்கள் நாலு நாளில் போய்விடுவார்கள். பணம் வேறொரு நாட்டில், பல வாரம் கழித்து உருவப்படும். எந்த ஏடிஎம்மில் எண் போனது என்று அவர்களால் ஊகிக்கவே முடியாது.

ஆகவே ஏடிஎம்மின் முகத்தைவிட அது நிற்கும் இடமே முக்கியம். வங்கிக் கிளையின் சுவருக்குள் பதிந்திருக்கும் ஏடிஎம்முக்குக் கேமரா இருக்கிறது, கவனிக்க ஆள் இருக்கிறார், திறக்கிறவர் யார் என்பதற்குப் பதிவு இருக்கிறது. மதுக்கடை வாசலிலும் நினைவுப்பொருள் கடைக்குள்ளும் தனியாக நிற்கும் மெஷினுக்கு இவை எதுவும் நிச்சயமில்லை. வேலை நேரத்தில் போனால், கார்டை மெஷின் விழுங்கிவிட்டாலும் உள்ளே போய்க் கேட்கலாம். விழுங்கியபோது பக்கத்தில் ஒருவர் தானாக முளைத்து, ‘எனக்கும் இப்படித்தான் ஆயிற்று, எண்ணை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்’ என்று அன்பாகச் சொன்னால், அந்த அன்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வாய்க்குள் ஒரு வளையத்தை வைத்துக் கார்டைப் பிடித்திருப்பவர் அவராகவே இருக்கலாம்.

கையால் மறைத்து எண்ணைப் போடுவது பற்றி: இத்தாலியின் பதுவா, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மறைத்த கையின் அசைவை மட்டும் வீடியோவாகக் கணினிக்குக் காட்டிப் பழக்கினார்கள். மூன்று முயற்சிக்குள் நான்கு இலக்க எண்களில் 41 சதவீதத்தை அது சரியாகச் சொன்னது. இதைப் படித்துவிட்டு மறைத்து என்ன பயன் என்று விட்டுவிடக் கூடாது. மறைக்காவிட்டால் சாதாரணக் கேமராவே முழுதும் படித்துவிடும். ஒரு கையை மேலே கவிழ்ப்பதைவிடப் பலகையையே உள்ளங்கையால் மூடுகிற மாதிரி வைத்து, அடிக்காத விசைகளின் மேலும் விரலை ஓட்டினால் கணினிக்கும் வேலை கூடும்.

இனி சிப்பின் பக்கம். சிப் உடைக்கவே முடியாதது என்று வங்கிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ராஸ் ஆண்டர்சன் குழுவினர் அதை உடைத்துக் காட்டுவதையே வேலையாக வைத்திருந்தார்கள். 2010இல் அவர்கள் காட்டியது இது: திருடிய கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் சின்னக் கருவி ஒன்றை வைத்தால், எந்த எண்ணைப் போட்டாலும் ‘சரியான எண்’ என்று மெஷினை நம்பவைக்கலாம். ஆய்வுக்கூட விளையாட்டு என்றன வங்கிகள். அடுத்த வருடமே பிரான்சில் திருடிய 40 கார்டுகள் பெல்ஜியத்தில் இப்படியே ஓடின. மோசடிக்காரர்கள் அந்த நடுக்கருவியை இன்னொரு சிப்பாகச் சுருக்கி, அசல் சிப்பின் மேல் ஒட்டிக் கார்டுக்குள்ளேயே புதைத்திருந்தார்கள். சிகரெட்டும் லாட்டரிச் சீட்டுமாக வாங்கியே கிட்டத்தட்ட 6 லட்சம் யூரோ போனது. பிடிபட்ட கார்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான் இரண்டு சிப்புகள் தெரிந்தன. அந்த ஓட்டை பிறகு அடைக்கப்பட்டது. ஆனால் தொலைந்த கார்டைப் பற்றி ‘எண்தான் தெரியாதே’ என்று இரண்டு நாள் சும்மா இருக்கக் கூடாது என்பதற்கு அந்த எக்ஸ்ரே போதும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழக்கு. மால்டா நாட்டைச் சேர்ந்த ஒருவரின் கார்டில், 2011 ஜூன் 29 அன்று ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பால்மா நகரத்து ஏடிஎம் ஒன்றில் அடுத்தடுத்துப் பணம் எடுக்கப்பட்டிருந்தது. தான் எடுக்கவில்லை என்றார். சிப் படிக்கப்பட்டிருக்கிறது, ரகசிய எண் சரியாகப் போடப்பட்டிருக்கிறது, ஆகவே நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று வங்கி பணத்தைத் திருப்பித் தர மறுத்தது. அவர் விடாமல் ஏடிஎம் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். அது கேம்பிரிட்ஜ் குழுவின் கைக்குப் போனது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஏடிஎம் போட்ட அந்தத் ‘தற்செயல்’ எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். 32 பிட் நீளமுள்ள எண்ணில் 17 பிட் மாறவே இல்லை. மீதி 15 பிட்டும் வெறும் கடிகாரம் மாதிரி ஏறிக்கொண்டே போய், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. தற்செயல் என்று எதுவுமே அதில் இல்லை.

அடுத்து என்ன எண் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சிப்பின் வலிமை போச்சு. கார்டு ஒரு நிமிஷம் கைக்குக் கிடைத்த தில்லுமுல்லு மெஷின், நாளை ஏடிஎம் கேட்கப்போகும் கேள்வியை இன்றே சிப்பிடம் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாளை அந்தப் பதிலை ஏடிஎம்மில் ஒப்பிக்கலாம். மால்டாக்காரர் விஷயத்தில் நடந்தது இதுதான் என்று ஆய்வு நிரூபிக்கவில்லை. இது நடக்க முடியும் என்று நிரூபித்தது. ‘சிப் சொன்னால் சரி’ என்ற வங்கியின் வாதத்தில் ஓட்டை போட அது போதும்.

இவ்வளவு பேசிய பிறகும், கடையில் சிப்பைச் செருகுவதோ தட்டுவதோதான் பாதுகாப்பு. கோட்டைத் தேய்க்கச் சொன்னால் வேறு கார்டோ ரொக்கமோ கொடுப்பது நல்லது. தட்டுவதற்கும் அதே சிப்தான். நாலு சென்டிமீட்டர் அருகில் வந்தால் வானொலி அலை வழியே பேசுகிறது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் பாக்கெட்டிலிருந்தே பணத்தை உறிஞ்சிவிடுவார் என்று பயமுறுத்தி, அலை தடுக்கும் பர்ஸ்களை விமான நிலையங்களில் விற்கிறார்கள். அப்படி உறிஞ்சினால் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் கிடைக்கலாம். கோட்டின் சிவிவியும் கிடைக்காது, முதுகில் அச்சடித்ததும் கிடைக்காது. பர்ஸ் அழகாக இருந்தால் வாங்கலாம்.

போனில் கார்டை ஏற்றித் தட்டுவது இன்னும் ஒரு படி மேல். கடைக்காரருக்கு அசல் கார்டு எண் போகாது. அந்தப் போனுக்கென்று கொடுத்த மாற்று எண்தான் போகும். அதைத் திருடி வேறிடத்தில் பயன்படுத்த முடியாது. அதனால் திருடர்கள் கார்டை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கிறார்கள். 2024இல் செக் குடியரசில் பிடிபட்ட மோசடியில், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு செயலியைப் போட வைத்து, ‘கார்டைப் போனின் முதுகில் வையுங்கள், எண்ணைப் போடுங்கள்’ என்றார்கள். கார்டு பேசிய பேச்சு இணையம் வழியே ஏடிஎம் முன்னால் நின்ற கூட்டாளியின் போனுக்குப் போய், அங்கே பணமாக வந்தது. இன்னொரு வகை, உங்கள் கார்டை அவர்களுடைய போனில் ஏற்ற முயன்று, அதற்கு வரும் ஓடிபியை உங்களிடமே கேட்டு வாங்குவது. சுங்கக் கட்டணம் பாக்கி, பார்சல் நிற்கிறது, அறை முன்பதிவு ரத்தாகப்போகிறது என்று பயணத்தின் நடுவில் வரும் செய்திகள் பெரும்பாலும் இதற்குத்தான். முன்பதிவுச் செய்தி ரொம்ப மோசம். விடுதியின் கணினியையே கைப்பற்றி, நீங்கள் பதிவு செய்த தளத்தின் உரையாடல் பெட்டியிலேயே, உங்கள் பெயரும் தேதியும் சரியாகப் போட்டு அனுப்புகிறார்கள். அறை வாடகையை வரவேற்பறையில் நேரில் கொடுத்துக்கொள்கிறேன் என்பதே பதில்.

நம்மவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. 2009 முதல் இந்தியத் தளங்களில் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் கார்டு செல்லாது. அதனால், ஓடிபி யாருக்கும் சொல்லாதவரை பணம் போகாது என்று ஊருக்கே ஒரு நம்பிக்கை. வெளிநாட்டு வணிகர் பலருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கார்டு எண், தேதி, முதுகில் உள்ள மூன்று இலக்கம் போதும். சில தளங்கள் அந்த மூன்று இலக்கத்தைக்கூடக் கேட்பதில்லை. அமெரிக்க உணவகங்களில் பரிமாறுபவர் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. போன இடத்தில் ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரமாகும்? மெஷினை மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லலாம், நாமே எழுந்து போகலாம். பெட்ரோல் போடும்போதும் பம்ப்பில் கட்டாமல் உள்ளே போய்க் காசாளரிடம் கட்டுவது நல்லது. பம்ப் ஐந்து இலக்க அமெரிக்க அஞ்சல் குறியீடு கேட்கும், நம்மிடம் அது இருக்காது என்பதால் எப்படியும் உள்ளே போக வேண்டியிருக்கும்.

மோசடி என்று சட்டம் சொல்லாத, ஆனால் பர்ஸுக்கு வித்தியாசம் தெரியாத இன்னொன்று. ஏடிஎம் திரையிலோ கடை மெஷினிலோ, ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்தில் கட்டுகிறீர்களா?’ என்று கேட்கும். ரூபாய் என்றதும் மனசுக்கு இதமாக இருக்கும். ஒரு யூரோ ₹100 என்று வைத்துக்கொள்வோம். 200 யூரோவுக்கு ₹20,000. உள்ளூர்ப் பணம் என்று அழுத்தினால், உங்கள் வங்கி 3.5 சதவீதம் மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போட்டால் ₹20,826 ஆகும். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது அந்த மெஷின்காரர். அவர் யூரோவுக்கு ₹108 என்று போட்டால் ₹21,600. அதற்கு மேல் தன் பங்குக்கும் கட்டணம் பிடிக்கும் இந்திய வங்கிகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடை செய்யவில்லை. ஆனால் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்று திரையில் காட்டியாக வேண்டும் என்று 2020 முதல் கட்டாயமாக்கியது. திரையில் ‘மாற்றத்தை ஏற்கிறேன்’ பச்சையாகவும், ‘வேண்டாம்’ சிவப்பாகவும் இருக்கும். சிவப்பை அழுத்தினால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடுமோ என்று தோன்றும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ரத்தாகாது.

எந்தக் கார்டை எடுத்துப் போவது? டெபிட் கார்டில் போவது உங்கள் பணம்; வங்கியோடு சண்டை முடியும்வரை கணக்கு காலி. கிரெடிட் கார்டில் போவது வங்கியின் பணம். சண்டை நடக்கும்போது உங்கள் வீட்டு வாடகை நிற்காது. விடுதியும் வாடகைக் காரும் முன்பணமாக ஒரு தொகையைப் பூட்டிவைப்பார்கள். அதற்கும் கிரெடிட் கார்டுதான் சரி. ரொக்கம் எடுக்க, பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டோ கொஞ்சமாகப் பணம் வைத்த தனிக் கணக்கோ போதும். சம்பளக் கணக்கின் டெபிட் கார்டு வீட்டு அலமாரியில் இருக்கட்டும். இலங்கை, சிங்கப்பூர், துபாய், மொரீஷியஸ் பக்கம் போகிறவர்களுக்கு யூபிஐயும் ஓரளவு கைகொடுக்கிறது. அதில் கடைக்காரரிடம் எண் எதுவும் போவதில்லை. நாம்தான் பணத்தைத் தள்ளுகிறோம். தள்ளுவதற்கு முன் திரையில் வரும் பெயர் கடையின் பெயர்தானா என்று பார்த்துக்கொண்டால் சரி.

எல்லாம் மீறி நடந்துவிட்டால், அப்புறம் நேரம்தான் பணம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, தப்பு வாடிக்கையாளருடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ₹5,000 முதல் ₹25,000 வரை உங்கள் தலையில். அதற்கு மேல் வங்கியின் கொள்கைப்படி. வேலை நாள் என்பது நீங்கள் நிற்கும் நாட்டின் நாட்காட்டி இல்லை, உங்கள் கிளையின் நாட்காட்டி. தகவல் வந்த நாள் கணக்கில் சேராது. புகாருக்குப் பிறகு 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

ஆனால் தகவல் வர வேண்டுமே. இறங்கியதும் உள்ளூர் சிம் போடுவதற்காக இந்திய சிம்மைக் கழற்றிப் பையில் போட்டவருக்கு எஸ்எம்எஸ் வந்தாலும் தெரியாது. இரண்டு சிம் போனில் இந்திய எண்ணும் உயிரோடு இருக்கட்டும், வங்கிச் செயலியின் அறிவிப்பும் திறந்திருக்கட்டும். கார்டின் பின்னால் இருக்கும் 1800 எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது. கார்டே தொலைந்தால் அந்த எண்ணும் சேர்ந்து தொலையும். +91 என்று தொடங்கும் எண்ணை வங்கித் தளத்திலிருந்து எடுத்து, கார்டோடு இல்லாத இடத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் செயலியில் கார்டைப் பூட்டிவிட்டுப் பிறகு பேசலாம். பேசும்போது புகார் எண்ணும் நேரமும் குறித்துக்கொண்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட வேண்டும். அந்த நாளில் நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள் என்பதற்கு விமானச் சீட்டோ, பாஸ்போர்ட் முத்திரையோ, விடுதி ரசீதோ சாட்சி. ‘சரியான எண் போடப்பட்டிருக்கிறது, நீங்கள்தான்’ என்று பதில் வந்தால், பரிவர்த்தனைப் பதிவின் நகலைக் கேளுங்கள்: சிப் படிக்கப்பட்டதா, கோடா, எந்த மெஷின், எந்த நேரம். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையை அதே 2017 விதி வங்கியின் மேல்தான் வைத்திருக்கிறது. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே மனுப் போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.